மையத்துக்கு ஒன்பது ஆலோசகர்கள், மகளுக்கு யார்?

அன்புள்ள அம்மாவுக்கு,

மகளுக்கு உடல்பருமன், இதயநோய் ஆய்வு மையத்தில் பிஎச்.டி. இடம் கிடைத்ததில் எனக்கும் மகிழ்ச்சி. மையத்தின் ஆலோசகர்கள் என்று ஒன்பது பேராசிரியர்களின் பெயர் போட்டிருக்கிறதே, அத்தனை பேரும் இவளைப் பார்த்துக்கொள்வார்களா, அவ்வளவு பெரியவர்கள் இருக்க கைடாக மட்டும் வயதில் சின்னவரைக் கொடுத்திருக்கிறார்களே, முடித்தால் வேலை கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதல் கேள்விக்குப் பதில், மாட்டார்கள். அவர்கள் மையத்துக்கு ஆலோசகர்கள், மாணவர்களுக்கு அல்ல. இப்படிப்பட்ட மையங்கள் பலவும் மொத்தமாக வரும் ஆய்வு நிதியில் நடப்பவை. அமெரிக்காவில் என்.ஐ.எச். என்ற அரசு மருத்துவ ஆய்வு அமைப்பு கொடுக்கும் 'கோப்ரே' நிதி இதற்கு நல்ல உதாரணம். ஒரு கட்டம் ஐந்து ஆண்டு, அதிகபட்சம் மூன்று கட்டம். இளம் பேராசிரியர்களுக்குப் பணமும் கருவிகளும் மூத்தவர்களின் துணையும் கொடுத்து, அவர்கள் சொந்தப் பெயரில் பெரிய நிதி வாங்கும் அளவுக்கு வளர்த்துவிடுவதுதான் அதன் நோக்கம். ஆலோசகர்களில் சிலர் அதே பல்கலைக்கழகத்தின் வேறு துறைகளில் இருப்பவர்கள். சிலர் வெளியிலிருந்து வந்து, மையம் சொன்னபடி நடக்கிறதா என்று பார்த்து இயக்குநருக்கு அறிக்கை கொடுப்பவர்கள். பட்டியலில் பெயர் இருக்கிறது என்பதற்காக உங்கள் மகளின் ஆய்வேட்டை அவர்கள் புரட்டப்போவதில்லை.

கைடு சின்னவராக இருப்பதற்கும் காரணம் இதுவாகத்தான் இருக்கும். அவருக்கே அங்கே மூத்தவர் ஒருவர் வழிகாட்டியாக இருப்பார். இதைக் குறையாக நினைக்காதீர்கள். என்னைக் கேட்டால், சுறுசுறுப்பான இளம் கைடும் அவருக்குப் பின்னால் நிஜமாகவே உட்கார்ந்து பேசும் ஒரு மூத்தவரும் அமைந்தால் அதுதான் நல்ல இடம். இளையவர் மாணவியோடு ஆய்வுக்கூடத்திலேயே நிற்பார். பெரிய பெயருள்ளவரைப் பார்க்க மாதக்கணக்கில் காத்திருக்க நேரலாம். ஆனால் அந்த மூத்தவர் யார், எவ்வளவு நாளைக்கு ஒருமுறை இருவரும் சந்திக்கிறார்கள் என்பதை மகள் கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். "தேவைப்பட்டால் பேசுவோம்" என்று பதில் வந்தால், சந்திப்பதில்லை என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

இந்தத் துறையில் நான் இதை இவ்வளவு அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. கொழுப்பு ஒரு பக்கம், இதயம் ஒரு பக்கம் என்று வெகுகாலம் தனித்தனி ஆட்கள் ஆய்ந்தார்கள். உடல்பருமன் தன்னளவிலேயே இதயநோய்க்கு ஓர் ஆபத்துக் காரணி என்பதை, அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஊர்க்காரர்களை வைத்து 1948-இல் தொடங்கிய இதயநோய் ஆய்வின் 26 ஆண்டுத் தரவைக் கொண்டு 1983-இல்தான் எழுதினார்கள். 1994-இல், கொழுப்புத் திசுவிலிருந்து சுரந்து பசியைக் குறைக்கும் லெப்டின் என்ற ஹார்மோன் கண்டுபிடிக்கப்பட்ட பிறகு, கொழுப்புத் திசு வெறும் சேமிப்புக் கிடங்கு அல்ல, ஹார்மோன் சுரக்கும் உறுப்பு என்பது அழுத்தமாகப் பதிந்தது. இரண்டு பக்கத்தையும் ஒருவரே கரைத்துக் குடித்திருப்பது இன்றும் அபூர்வம்.

நடைமுறையில் இது எங்கே இடிக்கும் தெரியுமா? சாதாரண ஆய்வுக்கூடச் சுண்டெலிக்குக் கொழுப்பு மிகுந்த தீனி போட்டால் மூன்று நான்கு மாதத்தில் நன்றாகக் குண்டாகிவிடும். ஆனால் அதன் ரத்தக்குழாயில் நமக்கு வருவதுபோல அடைப்பு வராது. அதன் ரத்தத்தில் கொலஸ்ட்ரால் பெரும்பாலும் ஹெச்.டி.எல்., அதாவது 'நல்ல கொலஸ்ட்ரால்' வடிவில் ஓடுவது இதற்கு முக்கியக் காரணம். அடைப்பைப் பார்க்க வேண்டுமென்றால், ரத்தத்திலிருந்து கொலஸ்ட்ராலை அகற்ற உதவும் ஏப்போ-ஈ மரபணுவையோ எல்.டி.எல். ஏற்பியின் மரபணுவையோ நீக்கிய சுண்டெலி வேண்டும். கொழுப்பு மட்டுமே தெரிந்த கைடிடம் இருந்தால், ஒரு வருடம் தீனி போட்டு முடித்த பிறகு இதயத்துறைக்காரர் யாராவது வந்து "இந்த எலியில் என்ன தேடுகிறாய்?" என்று கேட்க நேரலாம்.

புள்ளியியல் இன்னொரு பள்ளம். ஒரே கூண்டில் நான்கு சுண்டெலி இருந்தால் எது எவ்வளவு தின்றது என்று பிரித்துச் சொல்ல முடியாது. ஒன்றின் புழுக்கையை மற்றொன்று தின்பதால் குடல் நுண்ணுயிரிகளும் ஏறக்குறைய ஒன்றுபோல ஆகிவிடும். நான்கையும் ஒட்டுறவில்லாத நான்கு சுண்டெலிகளாகக் கணக்குப் போட்டால் முடிவு தவறாகப் போகும். இதைச் சோதனை தொடங்குமுன் சொல்ல ஆள் வேண்டும். கட்டுரையைத் திருப்பி அனுப்பிவிட்டுச் சொல்பவரால் பயன் இல்லை.

ஆகவே மகளின் ஆய்வை மேற்பார்க்கும் டாக்டோரல் கமிட்டியில் கைடைத் தவிர, ரத்தக்குழாய் தெரிந்தவர் ஒருவர், புள்ளியியல்காரர் ஒருவர், முடிந்தால் நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர் ஒருவர் இருக்கட்டும். அந்த ஒன்பது பெயர்கள் இங்கேதான் உபயோகப்படும். தன் தலைப்புக்கு நெருக்கமான இரண்டு பேரை அவள் தேர்ந்தெடுத்து, கைடு வழியாகக் கமிட்டிக்கு அழைக்கலாம். வெளி ஆலோசகர்கள் வரும் நாளில் மாணவர்களைத் தங்கள் ஆய்வை விளக்கும் போஸ்டர் வைக்கச் சொன்னால் தயங்காமல் வைக்கட்டும். நாலு வருடம் கழித்து போஸ்ட்டாக், அதாவது பிஎச்.டி.க்குப் பிந்தைய ஆய்வுப் பணி தேடும்போது அவளை நேரில் பார்த்தவர் எழுதும் பரிந்துரைக்குத் தனி மதிப்பு.

வேலை பற்றி. 2023-இல் வெளியான 'செலக்ட்' என்ற மருந்துச் சோதனையில் 17,604 பேர் இருந்தார்கள். எல்லோரும் எடை கூடியவர்கள், ஏற்கெனவே இதய, ரத்தக்குழாய் நோய் உள்ளவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். எடையைக் குறைக்கும் செமாகுளூட்டைடு ஊசி போட்டுக்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம், இதய, ரத்தக்குழாய் நோய்ச் சாவு மூன்றும் சேர்த்து 20 சதவீதம் குறைவாக இருந்தது. மருந்து நிறுவனங்களின் பார்வை இந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்பது உண்மை. அதை நம்பி மட்டும் சேர வேண்டாம். அவள் முடித்து வருவதற்குள் காற்று எந்தப் பக்கம் அடிக்குமோ. எலி வேலையோடு தரவுப் பகுப்பாய்வையும் கையில் வைத்திருந்தால் மருத்துவச் சோதனை, மருந்துப் பாதுகாப்பு, கற்பித்தல் என்று எந்தப் பக்கமும் போகலாம். பேராசிரியர் வேலை மட்டுமே இலக்கு என்று வைத்துக்கொள்ள நான் சொல்ல மாட்டேன். அந்த வரிசை எங்கேயும் நீளம்.

கடைசியாகப் பணம். மைய நிதி ஐந்து ஆண்டுக்கு என்றால் இப்போது எத்தனையாவது ஆண்டு நடக்கிறது, அது முடிந்தபின் உதவித்தொகை எந்தக் கணக்கிலிருந்து வரும், கைடு வேறு பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டால் அவளை யார் ஏற்பார்கள் என்று மகளே கைடுக்கும் துறை அலுவலகத்துக்கும் எழுதிக் கேட்கட்டும். நீங்கள் எழுத வேண்டாம், அம்மா. அங்கே அது சரியாகப் படாது. பதில் மின்னஞ்சலில்தான் வர வேண்டும், போனில் சொன்னால் போதாது. வந்ததும் சேர்க்கைக் கடிதத்தோடு எனக்கு அனுப்பிவையுங்கள், அவள் கையெழுத்துப் போடுமுன் ஒருமுறை பார்த்துவிடுகிறேன்.