நாலு பேர் கனடா போக எவ்வளவு ஆகும்? கேள்விகளும் பதில்களும்

நான் திருச்சிக்காரி. 2018-இல் கணவர், இரண்டு பிள்ளைகளோடு, வயசு, படிப்பு, ஆங்கிலத்துக்குப் புள்ளி போட்டு ஆள் எடுக்கும் எக்ஸ்பிரஸ் என்ட்ரி வழியாக பி.ஆர். (நிரந்தரமாகத் தங்கும் உரிமை) வாங்கி டொராண்டோவின் ஸ்கார்பரோவுக்கு வந்தேன். கணக்கு எழுதுவதுதான் வேலை என்பதால், ஊரிலிருந்து கிளம்புகிறவர்கள் எல்லோரும் செலவுக் கணக்கை என்னிடம்தான் கேட்கிறார்கள். வந்த கேள்விகளில் பலருக்கும் பொதுவானவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். டாலர் என்றால் கனடிய டாலர். கணக்குக்காக ஒரு டாலர் 62 ரூபாய் என்று வைத்திருக்கிறேன். நீங்கள் அன்றன்றைய விலை போட்டுப் பாருங்கள்.

அக்கா, எனக்கு 36 வயசு, கோவையில் ஐ.டி. வேலை. மனைவி, இரண்டு குழந்தைகள். விமானம் ஏறும் வரை மொத்தம் எவ்வளவு ஆகும்?

அரசுக் கட்டணத்தை முதலில் பார்ப்போம். 2024 ஏப்ரல் 30-இல் வந்த பட்டியல்படி பெரியவர் ஒருவருக்கு விண்ணப்பம் 950, நிரந்தர வதிவிடக் கட்டணம் 575, ஆக 1,525 டாலர். குழந்தைக்கு 260. கைரேகை, புகைப்படம் எடுக்கக் குடும்பத்துக்கு 170. நால்வருக்கும் சேர்த்து 3,740 டாலர், ஏறக்குறைய 2.3 லட்சம் ரூபாய். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை ஏற்றுவார்கள் என்பதால் பணம் கட்டும் நாளில் பார்த்துக்கொள்ளுங்கள். இதற்கு மேல் உங்கள் இருவருக்கும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வு, பட்ட மதிப்பீடு, நால்வருக்கும் மருத்துவப் பரிசோதனை, போலீஸ் சான்று. எல்லாம் சேர்த்து மூன்றரை லட்சத்தை ஒட்டி வரும். டிக்கெட் தனி. பள்ளி விடுமுறையில் நாலு பேருக்கு மூன்று லட்சம் எடுத்து வையுங்கள்.

ஆனால் உங்களுக்குப் பணத்தைவிட வயசுதான் அவசரம். மனைவியோடு விண்ணப்பிக்கிறவருக்கு 29 வயது வரை வயசுக்கு 100 புள்ளி. 36-இல் அது 65. அடுத்த பிறந்தநாளுக்கு இன்னும் 5 போகும். ஐ.இ.எல்.டி.எஸ்.ஸை ஆடியில் எழுதலாம், ஆவணியில் எழுதலாம் என்று தள்ளாதீர்கள்.

ஒரு ஏஜென்ட் நாலு லட்சம் கேட்கிறார். கனடாவில் வேலை ஆஃபர் வாங்கித் தந்தால் புள்ளி கூடும், பி.ஆர். உறுதி என்கிறார். நம்பலாமா? (சேலம்)

வேண்டாம். வேலை ஆஃபருக்குக் கொடுத்துவந்த புள்ளிகளை 2025 மார்ச் 25-இலேயே எடுத்துவிட்டார்கள். இன்னமும் அதைச் சொல்லி விற்கிறார் என்றால் ஒன்று அவருக்கே தெரியாது, இல்லை உங்களுக்குத் தெரியாது என்று நினைக்கிறார். காசு வாங்கிக்கொண்டு ஆலோசனை சொல்ல உரிமம் உள்ள குடிவரவு ஆலோசகர்களின் பெயர்ப் பட்டியல் கனடிய குடிவரவு, குடியுரிமை ஆலோசகர் கழகத்தின் (CICC) தளத்தில் இருக்கிறது. முதலில் அதில் அவர் பெயர் இருக்கிறதா என்று தேடுங்கள். நாங்களும் ஒருவருக்கு அறுபதாயிரம் கொடுத்தோம். என் கணவர் வேலை பார்த்த இரண்டு வருடத்தையே அவர் விண்ணப்பத்தில் விட்டுவிட்டார். இரவு ஒரு மணிக்கு உட்கார்ந்து நானேதான் திருத்தினேன்.

கையிருப்புக் காட்ட வேண்டுமாமே? அப்பா பெயரில் நிலம் இருக்கிறது, என்னிடம் 60 பவுன் இருக்கிறது. போதாதா? (தஞ்சாவூர்)

நிலமும் கணக்கில் வராது, நகையும் வராது. கடன் வாங்கிய பணமும் கூடாது. வங்கியில் உங்கள் பெயரிலோ கணவர் பெயரிலோ, நினைத்தவுடன் எடுக்கக்கூடிய பணமாக இருக்க வேண்டும். வைப்புநிதி சரி. 2025 ஜூலையில் வந்த பட்டியல்படி நாலு பேர் குடும்பத்துக்கு 28,362 டாலர், அதாவது பதினேழரை லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. ஆறு மாதச் சராசரி இருப்பை வங்கி எழுதித் தர வேண்டும். முந்தின வாரம் திடீரென்று பத்து லட்சம் வந்திருந்தால் எங்கிருந்து என்று கேட்பார்கள். அப்பா நிலத்தை விற்றுத் தருகிறார் என்றால், விற்பனைப் பத்திரமும் திருப்பித் தர வேண்டாம் என்ற கடிதமும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று: குழந்தை இப்போது கூட வரவில்லை என்றாலும் குடும்ப எண்ணிக்கையில் உண்டு. விண்ணப்பத்தில் ஒரு பிள்ளையின் பெயரை விட்டுவிட்டால், பின்னால் அந்தப் பிள்ளையை அழைக்கும் வழியே பெரும்பாலும் அடைபட்டுவிடும்.

அந்தப் பணத்தை எப்படிக் கொண்டு போவது? வங்கியில் 20 சதவீதம் பிடிப்பார்களாமே? (மதுரை)

பிடிப்பது உண்மை. அது வரியில் கழியும் முன்பணம், செலவு அல்ல. ஆனாலும் கையில் காசு தேவைப்படும் நேரத்தில் முடங்கும். ஒருவர் ஒரு நிதியாண்டில் வெளிநாட்டுக்கு அனுப்பும் முதல் 10 லட்சம் ரூபாய்க்குப் பிடித்தம் இல்லை. அதற்கு மேல் போகும் தொகைக்குத்தான் 20 சதவீதம். பதினேழரை லட்சத்தையும் கணவர் பெயரிலேயே அனுப்பினால் ஒன்றரை லட்சம் மாட்டிக்கொள்ளும். பாதி உங்கள் பான் எண்ணில், பாதி அவர் பான் எண்ணில் அனுப்பினால் ஒரு ரூபாயும் பிடிக்க மாட்டார்கள். கிளம்புவது பங்குனி, சித்திரையாக இருந்தால் மார்ச்சில் கொஞ்சம், ஏப்ரலில் கொஞ்சம் என்றும் பிரிக்கலாம்.

கையில் ரொக்கமாக 3,000 அமெரிக்க டாலருக்கு மேல் எடுத்துப்போக விடமாட்டார்கள். கனடாவில் இறங்கும்போது 10,000 டாலரோ அதற்கு மேலோ இருந்தால் சொல்லிவிட வேண்டும். சொன்னால் வரி எதுவும் இல்லை, சொல்லாமல் மாட்டினால்தான் தொல்லை.

போன பிறகு மாதம் எவ்வளவு ஆகும்? உண்மையைச் சொல்லுங்கள். (சென்னை, பெரம்பூர்)

நீங்கள்தான் சரியான கேள்வி கேட்டிருக்கிறீர்கள். எல்லோரும் விண்ணப்பச் செலவை எண்ணி எண்ணிப் பார்க்கிறார்கள், முதல் வருடத்தை எண்ணுவதில்லை.

ஸ்கார்பரோவில் இரண்டு அறை பேஸ்மென்ட் 1,900 டாலர் என்று வையுங்கள். தரைக்கு மேலே அபார்ட்மென்ட் என்றால் 2,400-க்குக் குறைந்து பார்ப்பது கஷ்டம். நாங்கள் முதல் பதினான்கு மாதம் பேஸ்மென்ட்டில் இருந்தோம். சன்னல் என் தலைக்கு மேலே, தரையோடு தரையாக ஒரு முழ உயரம். ஜனவரியில் பனி மூடியதும் பகலிலேயே விளக்குப் போட வேண்டும். ஹீட்டர் திருகும் குமிழ் மாடியில் வீட்டுக்காரரிடம். அவர்கள் வேலைக்குப் போகும்போது குறைத்துவிட்டுப் போவார்கள், கீழே சின்னவன் ஸ்வெட்டர் மேல் ஸ்வெட்டர் போட்டு உட்கார்ந்திருப்பான். வீடு பார்க்கும்போது அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள்.

மளிகை, காய்கறி 900. போன், இன்டர்நெட் 150. பஸ் பாஸ் பெரியவருக்கு மாதம் 156, பன்னிரண்டு வயது வரை டொராண்டோ பஸ்ஸில் இலவசம். மருந்து, துணி, எதிர்பாராதது சேர்த்தால் 3,400-க்குக் குறையாது. எங்கள் ஒன்டாரியோ மாகாணத்தில் குறைந்தபட்சக் கூலி 2025 அக்டோபரில் மணிக்கு 17.60 ஆனது. ஒருவர் முழுநேரம் உழைத்தாலும் பிடித்தத்துக்கு முன்பே 3,050 டாலர்தான் வரும். ஆக இருவரும் வேலைக்குப் போக வேண்டியிருக்கும்.

இறங்கியதும் முதல் மாத, கடைசி மாத வாடகையே 3,800 போய்விடும். (அதற்கு மேல் 'டேமேஜ் டெபாசிட்' என்று கேட்டால் ஒன்டாரியோவில் அது சட்டப்படி செல்லாது. பணிவாகச் சொல்லிவிடுங்கள்.) மெத்தை, பாத்திரம், குளிர் கோட்டு, பூட்ஸ் எல்லாம் வாங்கிய பிறகு அரசு கேட்ட 28,362 டாலர் வேலை இல்லாமல் ஆறு மாதம் தாங்கும். படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்க என் கணவருக்குப் பதினோரு மாதம் ஆனது. அதுவரை கிடங்கில் பெட்டி தூக்கினார். அந்தத் தொகைக்கு மேல் ஐந்தாறு லட்சமாவது ஊரில் தொடாமல் விட்டு வாருங்கள்.

கை கொடுப்பது பிள்ளைகள் உதவித்தொகைதான். பி.ஆர்.காரர்கள் வந்தவுடன் விண்ணப்பிக்கலாம். 2025 ஜூலை முதலான ஆண்டுக்கு ஆறு வயதுக்குக் கீழ் உள்ள பிள்ளை ஒன்றுக்கு வருடம் முழுக்க அதிகபட்சம் 7,997, அதற்கு மேல் பதினேழு வயது வரை 6,748 டாலர். வருமானம் கூடக் கூடக் குறையும். முதல் காசு வரச் சில மாதம் பிடிக்கும், அதை நம்பி வாடகை பேசாதீர்கள்.

அக்கா, நான் யாழ்ப்பாணம். பிள்ளையளுக்குப் பள்ளிக்கூடத்துக்குக் காசு கட்டோணுமோ?

இல்லை, அரசுப் பள்ளி இலவசம். அந்த வருடம் டிசம்பருக்குள் நாலு வயது முடிகிற பிள்ளையை ஜூனியர் கிண்டர்கார்டனில் சேர்க்கலாம். தடுப்பூசி அட்டையை மறக்காமல் கொண்டு வாருங்கள், ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து. இங்கே பாதிக் கடைப் பலகைகளில் உங்கள் ஊர் எழுத்தில் 'ரொறன்ரோ' என்றுதான் இருக்கும். எங்களைவிட உங்களுக்கு ஊர் சீக்கிரம் பழகிவிடும்.

நான் முதலில் போய் வேலை தேடிவிட்டு, ஆறு மாதம் கழித்துக் குடும்பத்தை அழைக்கலாமா? (திருநெல்வேலி)

முதன்மை விண்ணப்பதாரர் நீங்கள் என்றால் முதலில் போகலாம். மனைவி, பிள்ளைகளின் விசாவில் உள்ள தேதிக்குள் அவர்களும் ஒருமுறை இறங்கியே ஆக வேண்டும். காசு மிச்சம்தான், ஓர் அறை வாடகையோடு முடியும். பிப்ரவரியில் போகாதீர்கள். மே மாதம் போனால் வீடு தேட, நடக்க, மனசு விடாமல் இருக்க வெயில் உதவும். பிள்ளைகள் செப்டம்பரில் பள்ளி திறக்கும் முன் வரட்டும்.

டிரைவிங் லைசென்ஸ்? (ஈரோடு)

ஆர்.டி.ஓ.விடம் லைசென்ஸ் எடுத்த தேதியோடு ஒரு சான்று வாங்கி வாருங்கள். பழைய அனுபவம் ஒத்துக்கொள்ளப்பட்டால் மாதக்கணக்கில் காத்திருக்காமல் ரோடு டெஸ்ட் போகலாம். இங்கிருந்துகொண்டு அதை வாங்கித்தர அண்ணனை அலைய விடுவது பெரும்பாடு.

அம்மா தனியாக இருக்கிறார். பி.ஆர். கிடைத்ததும் கூட்டிப் போகலாமா? (நாகர்கோவில்)

உடனே நிரந்தரமாக முடியாது. பெற்றோரை அழைக்கும் திட்டத்தில் 2025 வரையிலும் 2020-இல் பெயர் கொடுத்தவர்களைத்தான் அழைத்தார்கள். பெற்றோர் வந்து தங்கிப்போகத் தரும் சூப்பர் விசாவில் ஒரு தடவைக்கு ஐந்து வருடம் வரை தங்கலாம். ஆனால் உங்கள் வருமானம் காட்ட வேண்டும், அம்மாவுக்கு ஒரு லட்சம் டாலருக்கு மருத்துவக் காப்பீடு எடுக்க வேண்டும், எழுபது வயதில் அந்தப் பிரீமியம் சுருக்கென்று இருக்கும். முதல் இரண்டு வருடம் அம்மா யாரோடு இருப்பார் என்பதை, ஐ.இ.எல்.டி.எஸ். எழுதும் முன்பே உடன்பிறந்தவர்களோடு உட்கார்ந்து பேசிவிடுங்கள்.

மிக்ஸி, கிரைண்டர் கொண்டு வரலாமா? (விழுப்புரம்)

இங்கே மின்சாரம் 120 வோல்ட். நம் ஊர் மிக்ஸி முக்கி முக்கிச் சுற்றும், உளுந்து அரைபடாது. இந்த ஊர் மின்சாரத்துக்கு ஏற்ற கிரைண்டரே ஸ்கார்பரோ தமிழ்க் கடைகளில் கிடைக்கிறது. அந்த எடைக்கு இட்லித் தட்டு, குக்கர், குக்கருக்கு நாலு கேஸ்கட் கொண்டு வாருங்கள். நகைகளைப் படம் எடுத்துப் பட்டியல் போட்டு, இறங்கும்போதே சுங்கத்தில் காட்டி முத்திரை வாங்கிவிடுங்கள். பின்னால் ஊருக்குப் போய்த் திரும்பும்போது புதிதாக வாங்கியதா என்று கேட்டால், அந்தத் தாளைத்தான் நான் இன்றுவரை நீட்டுகிறேன்.