யெஸ் என்று சொன்ன குற்றம் (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஐயா,

வெளிநாட்டு நிறுவனம் ஒன்றுக்காக வீட்டிலிருந்து வேலை செய்கிறேன். போன வாரம் மேலாளர் போனில், “யூ டிடின்ட் கெட் த ஃபைல்?” என்று கேட்டார். ஃபைல் வரவில்லை, அதனால் “யெஸ்” என்றேன். வந்துவிட்டது என்று அவர் நினைத்துக்கொண்டார். வேலை நின்றது, திட்டும் வாங்கினேன். தமிழில் யோசிப்பதால் வரும் கோளாறு இது. ஆங்கிலத்தில் இருக்கும் தர்க்கம் நம் மொழியில் இல்லை என்று தோன்றுகிறது.

என் கேள்வி: ‘நோ’வுக்கும் ‘நாட்’டுக்கும் என்ன வேறுபாடு? இரண்டு மறுப்பு ஒரே வாக்கியத்தில் வந்தால் தப்பா? எண்ணுக்கு முன்னால் ஏன் ‘நோ’ என்று எழுதுகிறார்கள்? இதையெல்லாம் கற்க நல்ல நூல் ஒன்று சொல்லுங்கள்.

எம்.

அன்புள்ள எம்.,

சின்ன விஷயங்களை முதலில் முடித்துவிடுகிறேன். எண்ணுக்கு முன்னால் வருவது ‘நூமெரோ’ என்ற இலத்தீன் சொல்லின் சுருக்கம். மறுப்புக்கும் அதற்கும் ஒட்டும் இல்லை, உறவும் இல்லை. இரட்டை மறுப்பு ஆங்கிலத்துக்குப் புதிதல்ல. 14ஆம் நூற்றாண்டுக் கவிஞர் சாஸர் காலத்தில் ஒரே வாக்கியத்தில் மூன்று நான்கு மறுப்புச் சொற்கள் வரும். ஒன்று மற்றொன்றுக்கு வலு சேர்க்கும், ரத்து செய்யாது. இரண்டு மறுப்பு சேர்ந்தால் உடன்பாடு என்று கணக்குப் பாடம் போலச் சட்டம் போட்டவர்கள் ராபர்ட் லோத் போன்ற 18ஆம் நூற்றாண்டு இலக்கணக்காரர்கள். அலுவலகக் கடிதத்தில் அந்தச் சட்டத்துக்குக் கட்டுப்படுங்கள், போதும்.

‘நோ’, ‘நாட்’ விஷயம் கொஞ்சம் சுவையானது. “ஹீ இஸ் நாட் எ டீச்சர்” என்றால் அவர் வேறு ஏதோ வேலை பார்க்கிறார் என்று பொருள். “ஹீ இஸ் நோ டீச்சர்” என்றால் அவர் மாதச் சம்பளம் வாங்கும் ஆசிரியராகவே இருக்கலாம். “அவரெல்லாம் ஒரு ஆசிரியரா!” என்று நாம் சொல்கிறோமே, அதுதான். “ஹீ இஸ் நோ ஃபூல்” என்பதற்கு “அவன் ஒன்றும் முட்டாள் இல்லை” என்போம். அந்த ‘ஒன்றும்’ செய்யும் வேலையை அங்கே ‘நோ’ செய்கிறது. இதற்குக் காரணம் உண்டு. ஆங்கிலத்தில் இருப்பது ஒரு ‘நோ’ அல்ல, இரண்டு. பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வருவது ‘நன்’ என்பதன் தேய்வு. ‘மைன்’ தேய்ந்து ‘மை’ ஆனதைப் போல. பழைய ஆங்கிலத்தில் அதன் பொருள் ‘ஒன்றுகூட இல்லை’. பதிலாகச் சொல்லும் ‘நோ’ வேறு வேரில் வந்தது, ‘எப்போதும் இல்லை’ என்ற பொருளில். காலப்போக்கில் இரண்டும் ஒரே முகம் ஆகிவிட்டன.

சரி, இப்போது எனக்குக் கோபம் வந்த இடத்துக்கு வருகிறேன். “ஆங்கிலத்தில் இருக்கும் தர்க்கம் நம் மொழியில் இல்லை.” யார் சொன்னது உங்களுக்கு? ஒரு திட்டு வாங்கியதும் தாய்மொழியைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவதா? “உனக்கு ஃபைல் வரவில்லையா?” என்ற கேள்வியில் வரவில்லை என்ற ஊகம் இருக்கிறது. அந்த ஊகம் சரி என்பதால் நீங்கள் “ஆமாம்” என்றீர்கள். எதிரில் இருப்பவர் நினைத்ததற்குப் பதில் சொல்வது அது. ஆங்கிலக்காரர் நடந்ததைப் பார்த்துப் பதில் சொல்கிறார்: வந்திருந்தால் ‘யெஸ்’, வராவிட்டால் ‘நோ’. இரண்டுமே முழுத் தர்க்கம்தான். ஜப்பானியரும் கொரியரும் சீனரும் உங்கள் கட்சி.

நான் பள்ளியில் படித்தபோது இதே ‘யெஸ்’ஸுக்காக ஒருவன் அடி வாங்கினான். “யூ ஹாவ் நாட் டன் த ஹோம்ஒர்க்?” என்று ஆங்கில ஆசிரியர் கேட்டார். அவன் எழுந்து, “யெஸ் சார்” என்றான். செய்யவில்லை என்று ஒப்புக்கொண்டான், பாவம். “கொண்டு வா நோட்டை” என்றார் அவர். நோட்டு வெறுமையாக இருந்தது. வீட்டுப்பாடம் செய்யாததற்கு ஒரு முறை, பொய் சொன்னதற்கு இன்னொரு முறை என்று பிரம்பு பேசியது. உண்மையைச் சொல்லிவிட்டுப் பொய்யன் என்று பெயர் வாங்கினான். அதன்பிறகு அந்த வகுப்பில் ஆங்கிலக் கேள்வி எதற்கும் அவன் வாய் திறக்கவில்லை. தலையை ஆட்டுவான், அதுவும் எந்தப் பக்கம் என்று கண்டுபிடிக்க முடியாதபடி. உங்கள் கடிதத்தைப் படித்தபோது அவன் முகம்தான் நினைவுக்கு வந்தது. பதில் எழுத உட்கார்ந்ததும் அதனால்தான்.

அந்த ஆசிரியருக்கும் உங்கள் மேலாளருக்கும் தெரியாத ஒன்று உண்டு. ஆங்கிலத்திலேயே முன்பு இதற்கு நான்கு சொற்கள் இருந்தன. நேர்க்கேள்விக்குப் பதில் ‘யே’, ‘நே’. எதிர்மறைக் கேள்விக்குப் பதில் ‘யெஸ்’, ‘நோ’. கேள்வியின் சாயலைப் பார்த்துச் சொல்லைத் தேர்ந்தெடுக்கும் ஒழுங்கு அவர்களிடமும் இருந்தது. அப்புறம் அது குழம்பியது. வில்லியம் டிண்டேல் தன் பைபிள் மொழிபெயர்ப்பில், “நீர் தீர்க்கதரிசியா?” என்ற கேள்விக்கு யோவான் ‘நோ’ என்று பதில் சொல்வதாக எழுதினார். நேர்க்கேள்விக்கு ‘நே’ அல்லவா வர வேண்டும், ஆங்கிலமே தெரியாதவன் என்று 1532இல் தாமஸ் மோர் ஒரு பிடி பிடித்தார். வேடிக்கை என்னவென்றால், விதியை விளக்கப் போன மோரே ஓரிடத்தில் அதைத் தலைகீழாக எழுதிவிட்டார். இங்கிலாந்தின் பெரிய படிப்பாளிக்கே அந்தக் கதி. நாளடைவில் நான்கு இரண்டாகச் சுருங்கிவிட்டது. ‘யே’யும் ‘நே’யும் இன்று அமெரிக்க நாடாளுமன்ற வாக்கெடுப்பு போன்ற சில இடங்களில் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. ஜெர்மானியர் எதிர்மறைக் கேள்வியை மறுக்க ‘டோக்’ என்று தனிச்சொல் வைத்திருக்கிறார்கள், பிரெஞ்சுக்காரர் ‘ஸீ’ வைத்திருக்கிறார்கள். ஆங்கிலம் தன்னிடம் இருந்ததைத் தொலைத்துவிட்டது. தொலைத்தவரிடம் போய் நீங்கள் மன்னிப்புக் கேட்கிறீர்கள்!

தமிழிலும் எல்லாம் சுத்தமாக இருப்பதாகச் சொல்ல மாட்டேன். “வரலையா?” என்றால் “ஆமா, வரலை” என்போம், “இல்லை, வரலை” என்போம், “இல்லையே, வந்தேனே” என்றும் சொல்வோம். ‘இல்லை’ இரண்டு பக்கமும் திரும்பும். ஆனாலும் நமக்குள் குழப்பம் வருவதில்லை. ஏன்? வினைச்சொல்லை விடாமல் சொல்லிவிடுகிறோம். “பார்த்தாயா?” “பார்த்தேன்.” ஆமாம்கூட வேண்டியதில்லை. ஐரிஷ் மொழியில் ஆமாம், இல்லை என்பதற்குத் தனிச்சொற்களே கிடையாது. கேள்வியின் வினையைத் திருப்பிச் சொல்வதே பதில். நீங்கள் அன்று தமிழில் யோசித்ததில் தப்பில்லை, பாதியில் நிறுத்தியதுதான் தப்பு. “யெஸ், ஐ டிடின்ட்” என்று முழுதாகச் சொல்லியிருந்தால் மேலாளர் முகம் சுளித்திருப்பார், ஆனால் ஃபைல் அன்றே வந்திருக்கும்.

அவரிடமும் தப்பு உண்டு. வந்ததா என்று நேராகக் கேட்க வேண்டியதை வரவில்லையா என்று கேட்டுவிட்டு, ஒற்றைச் சொல் பதிலை வாங்கிக்கொண்டு போனை வைத்துவிட்டார். அதை நீங்கள் யோசித்துப் பார்க்கவே இல்லை. உங்களை மட்டும் திட்டிக்கொள்கிறீர்கள். இந்தப் பழக்கத்தை விடுங்கள்.

நூல் கேட்டீர்கள். இப்போதைக்கு வேண்டாம். ஒரு நல்ல அகராதியில் ‘நோ’ என்ற பதிவை மட்டும் கடைசி வரி வரை படியுங்கள். எதிர்மறைக் கேள்வி வந்தால் ‘யெஸ்’ஸையும் ‘நோ’வையும் விட்டுவிட்டு, “ஐ டிடின்ட் கெட் இட்” என்று வினையைச் சொல்லுங்கள். “டு யூ மைண்ட்?”, அதாவது ஆட்சேபம் உண்டா, என்று அவர் கேட்டால் மட்டும் கவனம். உங்களுக்குச் சம்மதம் என்றால் அதற்குப் பதில் ‘நோ’. ஆனால் அந்தக் கேள்விக்கு ஆங்கிலக்காரர்களே பாதி நேரம் “ஷூர்” என்றுதான் சொல்கிறார்கள், எல்லோருக்கும் புரிந்தும் விடுகிறது.