கல் தூசும் முகக்கவசமும்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் கணவர் கிரானைட் பட்டறையில் பதினொரு ஆண்டுகளாகக் கல் அறுக்கிறார். இதுவரை மூக்கில் துண்டுதான் கட்டிக்கொள்வார். அண்மையில் என்-95 முகக்கவசம் வாங்கிக் கொடுத்தேன். ‘மூச்சு முட்டுகிறது, துண்டே போதும்’ என்கிறார். அது உண்மையா? முகக்கவசத்தைத் துவைத்துப் பயன்படுத்தலாமா?
வாசகி, கிருஷ்ணகிரி

பதில்: சகோதரி, துண்டு போதாது. அதன் நூல்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளி வழியாக மூச்சு எளிதாக வருகிறது. தூசும் அதே வழியில்தான் உள்ளே போகிறது. கல் அறுக்கும்போது புகைபோல எழுந்து கண்ணுக்குத் தெரியும் தூசில் பெரும்பகுதியை மூக்கும் தொண்டையும் பிடித்து வெளியே தள்ளிவிடும். கண்ணுக்கே தெரியாத, ஐந்து மைக்ரானுக்கும் சிறிய, கல்லில் உள்ள சிலிக்கா என்னும் தாதுவின் துகள்களோ நுரையீரலின் கடைசிக் காற்றறை வரை சென்று தங்கி, ஆண்டுக்கணக்கில் தழும்பை உண்டாக்குகின்றன. ஒரு தலைமுடியின் பருமன் ஏறத்தாழ எழுபது மைக்ரான் என்று எண்ணிப் பார்த்தால் அவை எவ்வளவு நுண்ணியவை என்பது புரியும். இந்த நோய்தான் சிலிக்கோசிஸ். வந்த தழும்பை ஆற்றுவதற்கு மருந்து கிடையாது. காசநோய் தொற்றும் வாய்ப்பும் இதனால் கூடுகிறது.

என்-95 முகக்கவசம் சல்லடை போல வேலை செய்வதில்லை. அதன் நடு அடுக்கில் மிக மெல்லிய பிளாஸ்டிக் இழைகள் மின்னூட்டம் ஏற்றப்பட்டுப் பஞ்சுபோலப் பின்னிக் கிடக்கின்றன. தலையில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல, அந்த இழைகள் தூசை இழுத்துப் பிடித்துக்கொள்கின்றன. பிடிப்பதற்கு மிகக் கடினமான 0.3 மைக்ரான் அளவுத் துகள்களிலும் நூற்றுக்குக் குறைந்தது 95 நிற்க வேண்டும் என்பதே அந்த எண்ணின் பொருள். சோப்புத் தண்ணீரில் அலசினால் அந்த மின்னூட்டம் போய்விடுகிறது. கொடியில் காயும்போது முகக்கவசம் பளிச்சென்று இருக்கும், ஆனால் அது முன்போல் வடிகட்டாது. ஆகவே துவைக்க வேண்டாம். கல் பட்டறையில் ஒரு வேலை நாளுக்கு மேல் ஒன்றை வைத்துக்கொள்ளாமல் இருப்பது நல்லது. நடுவில் மூச்சிழுக்கக் கடினமானாலும் நைந்தாலும் உடனே மாற்றிவிட வேண்டும்.

இவ்வளவையும் வீணாக்கிவிடக்கூடியது முகத்துக்கும் முகக்கவசத்துக்கும் நடுவே விழும் இடைவெளி. என்னிடம் வரும் கல் தொழிலாளர்களிடம் முகக்கவசத்தைக் கழற்றச் சொல்லி, முதலில் மூக்கின் இரு பக்கத்தையும்தான் பார்ப்பேன். அங்கே சாம்பல் நிறக் கோடு படிந்திருந்தால் காற்று அந்த ஓரத்தின் வழியாகத்தான் போய்வந்திருக்கிறது என்று பொருள். உங்கள் கணவரிடமும் இன்று மாலையே பார்த்துவிடுங்கள். மேல் பட்டை உச்சந்தலையிலும் கீழ்ப் பட்டை காதுக்குக் கீழே பிடரியிலும் இருக்க வேண்டும். மூக்குக் கம்பியை ஒரு கையால் கிள்ளாமல், இரண்டு கை விரல்களாலும் நடுவிலிருந்து ஓரம்வரை அழுத்திவிட வேண்டும். பிறகு இரு கைகளாலும் மூடிக்கொண்டு வேகமாக மூச்சை இழுத்தால் முகக்கவசம் சற்று உள்வாங்க வேண்டும். மூச்சு விடும்போது கண்ணருகே காற்று பட்டால் மறுபடி சரிசெய்ய வேண்டும். தாடி இருந்தால் இது எதுவுமே பயன்படாது, தினமும் மழித்துவிடச் சொல்லுங்கள். வாங்கும்போது இந்தியத் தர எண்ணான ஐஎஸ் 9473 அல்லது அமெரிக்கச் சான்று எண்ணான டிசி-84ஏ அச்சிட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்ல வேண்டும். முகக்கவசம் கடைசித் தடுப்புதான். அறுக்கும் பிளேடின்மேல் தண்ணீர் விழுந்துகொண்டே இருந்தால் தூசு எழும்பும் முன்பே பெருமளவு அடங்கிவிடும். அந்த ஏற்பாட்டைச் செய்துதர வேண்டியது பட்டறை முதலாளி. ஆயிரக்கணக்கில் விலைபோகும் கல்லை அறுத்துத் தருகிறவருக்கு ஒரு தண்ணீர்க் குழாய்கூட இல்லை என்பதை என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே சிலிக்கோசிஸ் அரசுக்குத் தெரிவித்தாக வேண்டிய நோயாகச் சேர்க்கப்பட்டது. பதினொரு ஆண்டுகள் ஆகிவிட்டதால், இருமல் இல்லாவிட்டாலும் அரசு மருத்துவமனையில் ஒரு நெஞ்சு எக்ஸ்ரே எடுத்துவிடுங்கள். அப்போது அவர் செய்யும் வேலையை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.

கேள்வி: அம்மாவுக்குக் காசநோய். வால்வு வைத்த என்-95 போட்டுக்கொண்டு அவரைக் கவனிக்கலாமா?
வாசகர், திண்டுக்கல்

பதில்: நீங்கள் போடலாம், அம்மாவுக்குப் போடக்கூடாது. நாம் விடும் மூச்சை அந்த வால்வு வடிகட்டாமல் வெளியே விட்டுவிடும். அம்மாவுக்குச் சாதாரண அறுவைசிகிச்சை முகக்கவசம் போதும்; சன்னலை எப்போதும் திறந்து வையுங்கள்.

கேள்வி: நான் பெயிண்டர். என்-95 போட்டும் தின்னர் வாடை வருகிறதே, அது போலியா?
வாசகர், விழுப்புரம்

பதில்: போலி என்று வாடையை வைத்து முடிவுகட்ட முடியாது. என்-95 துகளைத்தான் பிடிக்கும், ஆவியையும் வாயுவையும் பிடிக்காது. சுவரைத் தேய்க்கும்போது பறக்கும் தூசுக்கு அது உதவும். தின்னருக்குக் கரி நிரப்பிய கார்ட்ரிட்ஜ் பொருத்திய முகக்கவசமும் காற்றோட்டமும் வேண்டும். தெரிந்தவர் எவரேனும் என்-95ஐ நம்பிக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்கப் போனால், தயவுசெய்து கையைப் பிடித்துத் தடுத்துவிடுங்கள். உள்ளே இருப்பது நச்சுவாயு. மூச்சுவிடப் போதுமான ஆக்சிஜனே அங்கே இல்லாமலும் இருக்கலாம். வடிகட்டும் முகக்கவசம் எதுவும் ஆக்சிஜனைத் தராது.