செல்லம் குடுத்துதான் கெட்டுட்டானா?

மேடம், நாங்க பெங்களூர்ல அல்சூர் பக்கம் இருக்கோம், பையன் எல்கேஜி. யூனிஃபார்ம் காலர் குத்துதுன்னு கழட்டி எறியறான், மிக்ஸி ஓடினா காதப் பொத்திக்கிட்டு கத்தறான், பார்க்ல இருந்து கெளம்பலாம்னா மண்ணுல உருள்றான், பாக்கறவங்க எல்லாம் என்னையே பாக்கறாங்க. நான் செல்லம் குடுத்து கெடுத்துட்டேன்னு மாமியார் சொல்றாங்க. ரெண்டு போட்டா சரியாயிடும்னு வீட்டுக்காரர் போட்டும் பாத்துட்டார், இன்னும்தான் மோசமாச்சு. பெரிய பொண்ணு இப்படி இல்லவே இல்ல. நான் எங்க தப்பு பண்றேன்?

பதில்:

அதே கையாலதானேம்மா பெரிய பொண்ணையும் வளத்தீங்க? அப்ப செல்லம் மட்டும் காரணமா இருக்க முடியாது. நியூயார்க்ல அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ்னு ஒரு டாக்டர் தம்பதி, 1956ல ஆரம்பிச்சு 133 பேர கைக்குழந்தையில இருந்து பெரியவங்களாகற வரைக்கும் கவனிச்சாங்க. அதுல பத்துல ஒண்ணு உங்க பையன் மாதிரி, பசி தூக்கத்துக்கு நேரங்காலம் கெடையாது, புதுசா எது வந்தாலும் மொதல்ல வேணாம், அழுகையோ சிரிப்போ எல்லாமே ஊரக் கூட்டும். பொறவியிலயே வர்ற சுபாவம் அது. ஆனா அவங்க முக்கியமா சொன்னது வேற, சுபாவம் மட்டும் பிரச்சனை ஆகறதில்ல, அதுக்கும் வீட்டுல எதிர்பாக்கறதுக்கும் ஒத்துவராம போறப்பதான் முத்துது. (உங்க வீட்டுக்காரர் நாலு வயசுல எப்படி இருந்தார்னு மாமியார்கிட்ட ஒருதடவ கேட்டுப் பாருங்களேன்.)

அதனால அவன் கத்தும்போது அடக்கறதுக்கு முன்னாடி, இது அவனால தாங்க முடியாததா, இல்ல வேணும்னே பண்றானான்னு பாருங்க. காலரும் மிக்ஸியும் தாங்க முடியாதது, உள்ள மெல்லிசா ஒரு காட்டன் பனியன் போடுங்க, மிக்ஸி போடறதுக்கு முன்னாடி சொல்லிட்டுப் போடுங்க. பார்க்ல திடீர்னு கையப் புடிச்சு இழுக்காம, இன்னும் மூணு தடவ சறுக்கிட்டு கெளம்பறோம்னு சொல்லி, மூணு முடிஞ்சதும் கெளம்பிடணும், அழுதாலும்தான், ஆனா லெக்சர் வேணாம், அந்த நேரத்துல எதுவும் காதுல ஏறாது. அக்காவ அடிச்சா அது வேற கணக்கு, அங்க சுபாவம்னு விட்டுடாதீங்க, சுருக்கமா கண்டிச்சு அப்பவே தூக்கி தனியா உக்கார வைங்க. அடி மட்டும் வேணாம், நீங்களே பாத்துட்டீங்களே.

பேச்சு சரியா வரலன்னாலோ, கண்ணப் பாக்காம தன் ஒலகத்துலயே இருந்தாலோ, தன்னையே அடிச்சுக்கிட்டாலோ இதெல்லாம் சுபாவம்னு உக்காந்திருக்காம ஓசூர் ரோடு நிமான்ஸ் மனநல ஆஸ்பத்திரியில குழந்தைகள் பிரிவுல காட்டிடுங்க. போறப்ப வீட்டுக்காரரையும் கூட்டிட்டுப் போங்க, டாக்டர் சொல்றத அவரும் நேர்ல கேக்கணும்.