டீச்சரைக் கேளுங்கள்: பூனை, புள்ளிக் கோலம், பால்மரம்

கேள்வி: வணக்கம் டீச்சர். என் மகள் ஐந்தாம் ஆண்டு படிக்கிறாள். பள்ளி விட்டு வந்ததும் அண்ணனின் பழைய மடிக்கணினியில், பிள்ளைகள் கணினிக்குக் கட்டளை போடப் பழகும் ஸ்கிராட்சைத் திறந்து உட்கார்ந்துவிடுகிறாள். அதில் வரும் பூனைக்கு நிறம் மாற்றுகிறாள், சுற்ற விடுகிறாள், தொட்டால் கத்த வைக்கிறாள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கிறது, ஆனால் இதனால் என்ன பயன்? டவுனில் ஒரு வகுப்பில் விசாரித்தேன். "இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு, நேராகப் பைத்தான் கணினி மொழியில் சேர்த்துவிடுங்கள், மாதம் 180 ரிங்கிட்" என்கிறார்கள். சேர்த்துவிடலாமா?
— ஒரு தாயார், பீடோர்

பதில்: இப்போதைக்கு வேண்டாம் அம்மா. அந்தக் காசு உங்களிடமே இருக்கட்டும்.

இன்று சாயங்காலம் அவள் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். "பூனையைத் தொட்டால் எப்படி நிறம் மாறுகிறது, காட்டு" என்று கேளுங்கள். வண்ண வண்ணமாக ஒன்றோடொன்று கோத்த பிளாக்குகளைக் காட்டுவாள். அதில் நிறத்தை மாற்றும் பிளாக்கில் 25 என்று ஓர் எண் இருக்கும். "அது 5 ஆக இருந்தால்?" என்று கேட்டுப் பாருங்கள். ஓட்டிப் பார்க்கும் முன்பே, "மெதுவாக மாறும் அம்மா" என்று பதில் வந்தால் மகள் கணினிக்குக் கட்டளை எழுதக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று அர்த்தம். ஓர் எண்ணை மாற்றினால் திரையில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே மனத்தில் ஓட்டிப் பார்ப்பதுதான் இந்தத் தொழிலின் அடிப்படை. பைத்தான் எழுதுகிறவரும் நாள் முழுக்க அதைத்தான் செய்கிறார்.

சின்னப்பிள்ளை விளையாட்டு என்கிறார்களே, அதன் பரம்பரையைச் சொல்கிறேன். 1967-இல் சீமோர் பேப்பர்ட், சிந்தியா சாலமன், வாலி ஃபோர்ஸைக் ஆகியோர் அமெரிக்காவில் பிள்ளைகளுக்காகவே லோகோ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். இத்தனை அடி போ, இத்தனை டிகிரி திரும்பு என்று ஓர் ஆமைக்குக் கட்டளை இட்டால், அது போகிற வழியெல்லாம் கோடு விழும். பேப்பர்ட்டின் வழியில் வந்தவர் மிட்செல் ரெஸ்னிக். அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்து மீடியா லேபில் அவர் தலைமையிலான குழு 2007-இல் ஸ்கிராட்சை வெளியிட்டது. இன்றைக்கும் அது இலவசம். உங்களிடம் அவ்வளவு உயர்த்திச் சொன்ன பைத்தானிலும் 'டர்ட்டில்' என்று ஒரு பகுதி கூடவே வருகிறது. அது அந்தப் பழைய ஆமையேதான்! ஆகவே உங்கள் மகள் வழி தவறிப் போகவில்லை.

இங்கே சுங்கை சிப்புட்டில் சனிக்கிழமை காலையில் கோயில் மண்டபத்தில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். அங்கே ஒரு பையன் எண்ணெய் எடுக்கும் செம்பனையின் குலை ஒன்றை வரைந்து, தொட்டால் பழமெல்லாம் பொலபொலவென்று கொட்டுகிற மாதிரி செய்திருந்தான். அவன் அப்பா தோட்டத்தில் குலை வெட்டுகிறவர். கூட்டிப்போக வந்தவர் திரையைப் பார்த்துவிட்டு, "அப்படி விழாது ஐயா. மொதல்ல ஒன்னு ரெண்டு உதிரும். கீழ உதிர்ந்து கிடக்கிறதப் பார்த்துத்தான் குலை பழுத்திருக்குன்னு அரிவாளைப் போடுவோம்" என்றார். பையன் அங்கேயே உட்கார்ந்து திருத்தினான். முதலில் ஒரு பழம், 'வெயிட்' பிளாக்கில் கொஞ்சம் காத்திருப்பு, பிறகு இன்னொன்று, எங்கே விழும் என்பதற்கு, ஏதாவது ஓர் எண்ணைத் தானாக எடுக்கும் 'பிக் ரேண்டம்'. அதற்கப்புறம் தொட்டால்தான் குலை சாய்ந்தது. அப்பா நின்றபடியே அதைத் திரும்பத் திரும்பத் தொட்டுப் பார்த்தார். அந்தப் பையன் அன்றைக்குக் கற்றதை எந்தப் பாடநூலிலும் நான் காட்ட முடியாது.

உங்கள் மகளுக்கு அடுத்த வேலை ஒன்று தருகிறேன். 'சென்சிங்' பகுதியில் 'லவுட்னஸ்' என்று ஒரு பிளாக் உண்டு. மைக்கில் கேட்கும் சத்தத்தை 0 முதல் 100 வரை அளந்து சொல்லும். பூனையின் அளவை அதோடு இணைத்து, நிற்காமல் திரும்பத் திரும்ப ஓட்டும் 'ஃபாரெவர்' உள்ளே போடச் சொல்லுங்கள். கைதட்டினால் பூனை பெரிதாகும். வீட்டில் யாராவது உறுமி வாசிப்பவர் இருந்தால் இன்னும் நல்லது, பூனை தாளத்துக்கு ஆடும். இந்த மேடை எனக்குப் போதவில்லை என்று அவளே ஒரு நாள் சொல்வாள். பைத்தானுக்கு அப்போது அனுப்புங்கள்.

கேள்வி: டீச்சர், நான் படிவம் 2 மாணவன். எங்கள் தாமான் குடியிருப்பின் பொங்கல் விழாவில் பெரிய திரை வைக்கப் போகிறார்கள். யார் வந்து மவுஸை இழுத்தாலும் நாலு பக்கமும் கோலம் தானாக விழ வேண்டும். ஸ்கிராட்சில் முடியுமா? பள்ளியில் கொஞ்சம் படித்திருக்கிறேன்.
— ஒரு மாணவன், லூனாஸ், கெடா

பதில்: முடியும் தம்பி, அருமையாக வரும். ஸ்கிராட்ச் மேடையின் நடுப்புள்ளி 0, 0. இடம் வலமாக எக்ஸ் -240 முதல் 240 வரை, மேல் கீழாக ஒய் -180 முதல் 180 வரை. இதை ஒரு தாளில் வரைந்து பக்கத்தில் வைத்துக்கொள்.

முதலில் புள்ளி. இடது கீழ் மூலையில் இருக்கும் பொத்தானை அழுத்தி 'பென்' பகுதியைச் சேர்த்துக்கொள். ஒரு ஸ்பிரைட்டுக்கு (மேடையில் நகரும் உருவம்) பேனா அளவை 6 ஆக வை. புள்ளிக்குப் புள்ளி 40 இடைவெளி விட்டு, -120 முதல் 120 வரை போனால் வரிசைக்கு 7 புள்ளி விழும். அதேபோல் 7 வரிசை. ஒவ்வோர் இடத்திலும் 'பென் டவுன்', உடனே 'பென் அப்', அவ்வளவுதான். ஒரு 'ரிப்பீட் 7' உள்ளே இன்னொரு 'ரிப்பீட் 7' வரும். எப்படி என்று நீயே யோசித்துப் பார், அதை நான் சொல்லப் போவதில்லை.

அடுத்தது கோடு. இதற்கு நான்கு ஸ்பிரைட் வேண்டும். முதல் ஸ்பிரைட், 'ஃபாரெவர்' உள்ளே, மவுஸின் எக்ஸ், மவுஸின் ஒய் இருக்கும் இடத்துக்குப் போகட்டும். அடுத்து, மவுஸ் அழுத்தியிருந்தால் 'பென் டவுன்', இல்லாவிட்டால் 'பென் அப்'. இதையே மற்ற மூன்றுக்கும் நகல் எடு. இரண்டாவதில் எக்ஸுக்கு '0 கழித்தல் மவுஸ் எக்ஸ்' என்று போடு. மூன்றாவதில் ஒய்யை மட்டும் அப்படிக் கழி. நான்காவதில் இரண்டையும். கை ஒரு மூலையில் வளைந்தால் மற்ற மூன்று மூலையும் கூடவே வளையும். ஸ்பேஸ் விசையை அழுத்தினால் 'இரேஸ் ஆல்' செய்துவிட்டுப் புள்ளிகளை மறுபடி போடச் சொல். இல்லையென்றால் கோட்டோடு புள்ளியும் அழிந்துபோகும்.

கவனிக்க ஒன்று. மவுஸை வேகமாக இழுத்தால் வளைவு முறிந்து முறிந்து நேர்க்கோடுகளாக விழும். ஸ்கிராட்ச் நொடிக்கு 30 தடவைதான் மவுஸ் எங்கே என்று பார்க்கிறது. இடையில் கை போன வழி அதற்குத் தெரியாது. வருகிறவர்களிடம் நிதானமாக இழுக்கச் சொல். நம் அம்மாமார்களுக்குச் சொல்லவே வேண்டாம், மாவைப் பிடிக்கும் அதே நிதானத்தில்தான் மவுஸையும் பிடிப்பார்கள்.

விழாவில் யாராவது "கோலத்துக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்டால் இதைச் சொல். கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தின் விதிகளைக் கணினி அறிவியலின் இலக்கண முறையில் எழுதி 1974-இலேயே ஆய்வுக் கட்டுரை வெளியிட்டிருக்கிறார்கள். சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் நடந்த வேலை அது. வாசலில் போடும் கோலத்துக்குள் ஒழுங்கான கட்டளைத் தொடர் இருக்கிறது என்று காட்டியவர்கள் தமிழ்நாட்டிலேயே இருந்தார்கள். இது நம் பிள்ளைகள் எல்லாருக்கும் தெரிய வேண்டும் என்று எனக்கு ரொம்ப ஆசை.

கேள்வி: எங்களுடையது தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி. இணையம் வரும், போகும். கணினிகளும் பழையவை. என்ன செய்யலாம்?
— ஓர் ஆசிரியர், குளுவாங்

பதில்: இணையம் இல்லாமலே ஓடும் ஸ்கிராட்ச் செயலி இருக்கிறது சார். லைன் நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு தடவை இறக்கி, பென்டிரைவில் கொண்டுபோய் எல்லாக் கணினியிலும் போட்டுவிடுங்கள். இப்போதைய 3.0 ஓடாத அளவுக்குப் பழைய கணினி என்றால் 1.4 பதிப்பைப் போட்டுப் பாருங்கள். அதில் 'பென்' தொடக்கத்திலேயே இருக்கும், தனியாகச் சேர்க்க வேண்டியதில்லை. 1.4-இல் செய்த கோப்பு 3.0-இல் திறக்கும், 3.0-இல் செய்தது 1.4-இல் திறக்காது. ஆகவே பள்ளி முழுக்க ஒரே பதிப்பாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு கணினிக்கு மூன்று பிள்ளைகள் என்றாலும் கவலை வேண்டாம். மவுஸ் மட்டும் கை மாறிக்கொண்டே இருக்க வேண்டும்.

கேள்வி: எனக்கு வயது எழுபதைத் தாண்டிவிட்டது. முப்பது வருடத்துக்கு மேல் பால் வெட்டியவன். பேரனுக்குப் பால்மரம் (ரப்பர் மரம்) என்றால் என்னவென்றே தெரியவில்லை, சுற்றிலும் செம்பனைதான். கணினியில் அவன் கத்தியைத் தொட்டால் பால் வடிந்து, பால் பிடிக்கும் மங்கில் விழுவது போல் செய்ய முடியுமா? நான் கற்றுக்கொள்ள முடியுமா?
— ஒரு தாத்தா, சித்தியவான்

பதில்: ஐயா, உங்கள் கடிதத்தை வீட்டில் எல்லாருக்கும் படித்துக் காட்டினேன். முடியும். நீங்கள் சொல்லச் சொல்ல மவுஸைப் பேரன் பிடிக்கட்டும்.

மரத்தைப் பின்னணிப் படமாக வரையச் சொல்லுங்கள். ஸ்பிரைட்டாக வரைந்தால் பேனாக் கோடு அதன் அடியில் மறைந்துவிடும், வெட்டு கண்ணுக்கே தெரியாது. கத்தி ஒரு ஸ்பிரைட், மங்கு ஒரு ஸ்பிரைட், பால்சொட்டு ஒரு ஸ்பிரைட். இடது மேலிருந்து வலது கீழாகச் சுமார் 30 டிகிரி சரிவில் வெட்டு இறங்கும் என்று நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஸ்கிராட்சில் நேர் வலது 90, நேர் கீழே 180. ஆகவே கத்தியின் திசை 120. பேனா நிறம் வெள்ளை. கத்தியைத் தொட்டதும் 'பென் டவுன்', இரண்டு அடி நகர், இதை 30 தடவை செய். பட்டையில் வெள்ளைக் கோடு சாய்வாக இறங்கும்.

கோடு முடிகிற இடத்தில் பால்சொட்டு நகல் நகலாகப் பிறக்கட்டும். ஒவ்வொன்றும் மங்கைத் தொடும்வரை கீழே இறங்கி, தொட்டதும் மறையட்டும். மங்குக்குக் காலி, கால், அரை, நிறைவு என்று நாலு படம் வரைந்துவைத்தால், சொட்டு விழ விழ 'நெக்ஸ்ட் காஸ்ட்யூம்' போட்டு நிரப்பிக்கொண்டே போகலாம்.

இருட்டோடு போய் வெட்டியவர் நீங்கள். விடியற்காலையில் பால் நன்றாக ஓடும், வெயில் ஏற ஏறச் சொட்டு தாமதமாகும். அதையும் கொண்டுவரலாம். ஒரு சொட்டுக்கும் அடுத்த சொட்டுக்கும் நடுவில் உள்ள காத்திருப்பு நேரத்தை ஒரு 'வேரியபிள்' (மாற்றிக்கொண்டே போகக்கூடிய எண்) ஆக்கி, ஒவ்வொரு சொட்டுக்கும் 0.1 நொடி கூட்டிக்கொண்டே போகச் சொல்லுங்கள். பின்னணியின் வெளிச்சமும் கூடவே ஏறட்டும். "ஏன் தாத்தா மெதுவாகிறது?" என்று பேரன் கேட்பான், நீங்கள் சொல்வீர்கள்.

கத்தி ஆழமாகப் போய் மரம் காயப்பட்டால் என்ன ஆகும், மழை பெய்தால் அன்றைக்கு வேலை என்ன ஆகும் என்பதெல்லாம் உங்களுக்குத் தெரிந்தவை. எவ்வளவு சேர்க்க வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். முடித்ததும் கோப்பைப் பத்திரிகை முகவரிக்குப் பேரனை விட்டு அனுப்பச் சொல்லுங்கள் ஐயா. எங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகளில் பாதிப்பேர் பால்மரத்தைக் கிட்டப் போய்ப் பார்த்ததே இல்லை, மண்டபத்தில் திரை போட்டுக் காட்ட வேண்டும்.