எழினி: ஆணா, பெண்ணா?

கேள்வி: மகனுக்கு 'எழினி' என்று பெயர் வைக்க ஆசை. வீட்டில் எல்லோரும் அது பெண் பெயர் என்கிறார்கள். இணையத்திலும் 'அழகானவள்' என்று போட்டிருக்கிறது. எது சரி? (வாசகர், தருமபுரி)

பதில்: தருமபுரியிலிருந்தே இப்படியொரு கேள்வியா! எழினி உங்கள் ஊர் மன்னன் பெயர். தகடூரை (தருமபுரியின் பழைய பெயர்) ஆண்ட அதியமான் குடியில் வழங்கிய ஆண் பெயர் அது; நெடுமான் அஞ்சியின் மகன் பொகுட்டெழினி. புறநானூறு 158இல் பெருஞ்சித்திரனார் வள்ளல்கள் எழுவரைச் சொல்லி வரும்போது, 'ஊராது ஏந்திய குதிரைக் கூர்வேல் கூவிளங் கண்ணிக் கொடும்பூண் எழினி' என்கிறார். ஏறி ஓட்ட முடியாத, உயர்ந்து நிற்கும் குதிரை என்றால் குதிரைமலை. கூவிளங் கண்ணி, வில்வத்தால் தொடுத்த தலைமாலை. 230ஆம் பாட்டில் அரிசில்கிழார் 'பொய்யா எழினி' என்று பாடி அழுவதும் தகடூர் எழினியைத்தான்.

'இ'யில் முடிந்தால் பெண் பெயர் என்பது பிற்காலத்துக் காதுப் பழக்கம். பாரி, ஓரி, காரி, நள்ளி, அஞ்சி, கிள்ளி, வழுதி எல்லோரும் ஆண்கள்தானே? நந்தினி, பத்மினி போன்ற வடமொழிப் பெயர்களைக் கேட்டுக் கேட்டு எழினியையும் அந்த வரிசையில் உட்கார வைத்துவிட்டோம்.

'அழகானவள்' என்பது எழிலோடு போட்டுக் குழப்பியது. எழிலும் இனியும் சேர்ந்தால் எழிலினி என்றுதான் வரும்; நடுவிலுள்ள 'லி' காணாமல் போகாது. எழினி என்ற சொல்லுக்கு அகராதி தரும் பொருள் திரைச்சீலை. சிலப்பதிகார அரங்கேற்று காதையில் மாதவியின் மேடைக்கு மூன்று எழினிகள்: ஒரு பக்கமிருந்து இழுக்கும் ஒருமுக எழினி, இரு பக்கமிருந்தும் வந்து நடுவில் சேரும் பொருமுக எழினி, மேலே மறைந்திருந்து இறங்கும் கரந்துவரல் எழினி. தாராளமாக மகனுக்கு வையுங்கள்.

கேள்வி: ஆங்கிலத்தில் எப்படி எழுதுவது?

பதில்: 'ழ'வுக்கு இசட், எச் போடுங்கள். தமிழ் என்பதையே 'எல்' போட்டுத்தானே எழுதுகிறோம் என்று இதிலும் போட்டால் வெளியூர்க்காரர்கள் 'எலினி' என்று படிப்பார்கள். அடுத்து 'எலி' என்று கூப்பிடப் பள்ளிக்கூடத்தில் ஆள் இருக்கும். பெண் பெயரோ என்ற மயக்கமே வேண்டாம் என்றால் 'அதியன் எழினி' நல்ல சேர்க்கை. ஆனால் ஆங்கிலத்தில் இடைவெளி விடாமல் ஒரே சொல்லாக எழுதுங்கள். விட்டால் படிவங்களில் எழினி குடும்பப் பெயர்க் கட்டத்துக்குப் போய்விடும்.

பிறப்புப் பதிவில் பெயர் சேர்க்க முதல் 12 மாதம் கட்டணமில்லை. அதன்பின் தாமதக் கட்டணத்தோடு 15 ஆண்டுவரை சேர்க்கலாம். பதிவான பிறகு எழுத்தை மாற்றுவது பெரும்பாடு. சான்றிதழ் அச்சாகும் முன்பே ழ, ல, ள மூன்றில் எது விழுந்திருக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.