திருவொற்றியூரை எந்த வரிசையில் வைப்பது?

கேள்வி: தண்டையார்பேட்டையில் எங்கள் வாசகர் வட்ட ஆண்டு மலருக்காக, வடசென்னை ஊர்ப் பெயர்களை வைத்து 7-க்கு 7 குறுக்கெழுத்து போடுகிறேன். முதல் வரிசை முழுக்கத் 'திருவொற்றியூர்' எழுதிவிட்டேன். அதிலிருந்து கீழே இறங்கச் சொல்லே கிடைக்கவில்லை. என்ன செய்யலாம்?

பதில்: சொல் நல்ல சொல்தான், இடம்தான் சரியில்லை. மேல் வரிசையில் இருக்கும் எழுத்து ஒவ்வொன்றும், அதிலிருந்து இறங்கும் சொல்லுக்கு முதல் எழுத்தாகிவிடுகிறது. தி, ரு, வொ, ற், றி, யூ, ர் என்ற ஏழில் வொ, ற், றி, ர் நான்கிலும் தமிழ்ச் சொல் தொடங்காது. ரு, யூ இரண்டுக்கும் ருசி, யூகம் மாதிரிச் சில சொற்கள்தான் தேறும். தாராளமாகக் கிடைப்பது தி மட்டும்.

அதனால் அதை நடு வரிசைக்கு, அதாவது நான்காவது வரிசைக்கு, இறக்குங்கள். அங்கே கீழே போகும் சொற்கள் அதன் எழுத்துகளில் தொடங்கலாம், முடியலாம், நடுவில் கடந்தும் போகலாம். 1, 3, 5, 7 ஆகிய நெடுவரிசைகளில் மட்டும் சொற்களை இறக்கினால் ற் எதனுடனும் மோதாது. முதல் நெடுவரிசையில் தி-யில் தொடங்கித் 'தினசரி' இறங்கட்டும். மூன்றாவதில் 'ஒவ்வொரு' என்ற சொல்லை இரண்டாம் வரிசையிலிருந்து தொடங்குங்கள், வொ அழகாக உட்காரும். ஐந்தாவதில் மூன்றாம் வரிசையிலிருந்து 'குறிப்பு'. கடைசியில் 'எண்ணூர்' மேலிருந்து இறங்கி ர்-இல் முடியும். திருவொற்றியூரும் எண்ணூரும் நிஜத்திலும் பக்கத்து ஊர்கள், உங்கள் மலருக்குப் பொருத்தமாகவும் இருக்கும்! தாளை 180 டிகிரி திருப்பினாலும் இந்த அமைப்பு மாறாது.

அடுத்துக் கவனிக்க வேண்டியது உயிரெழுத்து. 'ஒவ்வொரு'வின் ஒ, 'எண்ணூ'ரின் எ இரண்டும் ஒரு சொல்லின் நடுவிலோ கடைசியிலோ வரக்கூடாதவை. அவற்றின் இடப்பக்கம் எப்போதும் கறுப்புக் கட்டம்தான். புள்ளி எழுத்துக்கு நேர் எதிர் விதி: அது எந்தச் சொல்லையும் தொடங்கி வைக்காது. அதிலும் க், ச், ட், த், ப், ற் ஆறும் தமிழ்ச் சொல்லை முடிக்கவும் செய்யாது. ஆகவே நடுவில் மட்டுமே செல்லும்.

இப்போது 'குறிப்பு'வின் கடைசி எழுத்திலிருந்து வலப்பக்கம் 'புகழ்' போடலாம். அதற்கு நேர் எதிர்ப்புறம் சமச்சீர் வேண்டுமானால் ஒ-வில் முடியும் சொல் தேவை, அப்படி ஒன்று இல்லை. இங்கே சமச்சீரை விட்டுவிடுங்கள் என்பேன். அது கண்ணுக்கு அழகு, ஆனால் புதிர் போடுபவருக்கு அதனால் ஒரு எழுத்துகூடக் கூடுதலாகக் கிடைப்பதில்லை. குறுக்கே வரும் சொல்தான் அவருக்குக் கைகொடுக்கும். அமெரிக்க நாளிதழ்ப் புதிர்களில் எல்லா வெள்ளைக் கட்டமும் இரண்டு சொற்களுக்குப் பொதுவாக இருக்கும். 26 எழுத்துகளை வைத்து அது நடக்கும், 247-ஐ வைத்துக்கொண்டு அதற்கு ஆசைப்பட வேண்டாம்.

அப்புறம், எழுத்தைக் கையால் எண்ணுங்கள். கணினி விரிதாளில் நீளம் கேட்டால் எண்ணூருக்கு 7 என்று காட்டும், புள்ளியையும் ஊகாரக் குறியையும் தனித்தனியாக எண்ணுவதால். உங்களுக்கு வேண்டியது 4 கட்டங்கள்தான்.